முறுக்கினால் நிற்கும் வண்டி

சிட்லபாக்கத்தில் ஒரு வண்டி நடுத்தெருவில் நின்றுவிட்டால் போதும், ஊரில் இத்தனை மெக்கானிக்குகளா என்று மலைப்பாக இருக்கும். பால் வாங்க வந்தவர், நாயைக் கூட்டிக்கொண்டு வந்தவர், ஏரிக்கரையில் நடைப்பயிற்சி முடித்து வியர்வை துடைப்பவர் என்று அத்தனை பேரும் கார்பரேட்டருக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள் மாதிரி பேசுவார்கள். ஒருவர் பிளக் என்பார், இன்னொருவர் பெட்ரோலில் தண்ணீர் என்பார். மூன்றாமவர் ஒன்றும் சொல்லாமல் டாங்க் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பார், எதையோ கண்டுபிடித்துவிட்ட முகத்தோடு மூடுவார். கொஞ்சம் தள்ளிவிடுங்கள் என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் நேரமாகிவிடும்.

புயல் கடந்து தெருவில் தண்ணீர் வடிந்த வெள்ளிக்கிழமை காலையில் ஜான்சி இப்படிப்பட்ட ஒரு கூட்டத்தின் நடுவில்தான் நின்றிருந்தாள். தோளில் ரத்தம் பிடிக்கும் சின்னக் குழாய்கள் அடுக்கிய நீலப் பெட்டி, பக்கத்தில் அவள் பைக். அது ஸ்டார்ட் ஆகாமல் இல்லை. நின்ற இடத்தில் நல்ல பிள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. கியரைப் போட்டு ஆக்சிலேட்டரை முறுக்கினால்தான் வினை. தொண்டையில் எதுவோ அடைத்துக்கொண்டதுபோல் ஒரு திணறல், கொஞ்சம் கறுப்புப் புகை, அவ்வளவுதான், நின்றுவிடும். மறுபடி உதைத்தால் மறுபடி நல்ல பிள்ளை.

அன்று ஏரிமுனைத் திருப்பத்தில் அது நின்றபோது பின்னால் ஒரு தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது. லாரிக்காரன் பிரேக்கை மிதித்து, ஹாரனை அழுத்திப் பிடித்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னவோ சொன்னான். அதைக்கூட ஜான்சி பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். ஆனால் காய்கறி வாங்க வந்த அவளுடைய அம்மா சலோமி தெருமுனையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் பிரச்சினையைப் பெரிதாக்கியது.

ஜான்சி வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவள். சேலையூரில் பள்ளிக்கூடம் முடித்து, லேப் டெக்னீஷியன் டிப்ளமோ வாங்கி, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் கிடைக்காத பெயர் அவளுக்கு வெளியே போனபோது கிடைத்தது. சிட்லபாக்கத்தில் ரிட்டயர் ஆனவர்கள் அதிகம். அவர்கள் இருக்கிற இடத்தில் சர்க்கரைக்கும் கொலஸ்ட்ராலுக்கும் பஞ்சமே இல்லை. மற்றவர்கள் நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்திக் கன்ற வைத்த கையில் ஜான்சி ஒரே தடவையில் எடுத்துவிடுவாள். கையைப் பிடித்துக்கொண்டு பேரன் பேத்தி கதை கேட்பாள், கதை பாதியில் இருக்கும்போதே பஞ்சை வைத்து அழுத்திக்கொள்ளச் சொல்லுவாள். வெறும் வயிற்றோடு காத்திருக்கும் பெரியவர்களுக்கு அவள் தாமதமாக வந்தால் காப்பி தாமதமாகும். காப்பி தாமதமானால் அந்த வீட்டில் அன்று முழுக்க யாருக்கும் நிம்மதி கிடையாது. ஆகவே அவளுக்கு வண்டி என்பது ஊசியைப் போலத்தான், இல்லாமல் வேலை இல்லை.

இப்போது அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று திங்கட்கிழமை காத்திருந்தது. பெருங்களத்தூரில் புதிதாக எழும்பியிருந்த ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்தார், தங்கள் ஆட்களுக்கு வீட்டிலேயே வந்து ரத்தம் எடுக்க நிரந்தரமாக ஒருவர் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். லேப் மேனேஜர் ஜான்சியின் பெயரைச் சொல்லியிருந்தார். விடிந்ததும் பெருங்களத்தூர், அங்கிருந்து சிட்லபாக்கம், ரத்தம் கெடுவதற்குள் தாம்பரம் என்று சுற்ற வேண்டும். பஸ்ஸையும் ஷேர் ஆட்டோவையும் நம்பி ஆகிற காரியம் இல்லை. "வண்டி கண்டிஷன்ல இருக்கில்லம்மா? முதல் நாளே லேட்டுன்னா வேற ஆளப் போடச் சொல்லிடுவாங்க" என்று மேனேஜர் கேட்டதற்கு, இருக்கிறது சார் என்று அவள் புயலுக்கு முன்பே சொல்லிவைத்திருந்தாள்.

இந்த வேலை நிலைத்துவிட்டால் ஒரு சின்ன அறை பிடித்து, சொந்தமாக ரத்தம் எடுக்கிற ஒரு கலெக்‌ஷன் சென்டர் வைத்துவிடலாம் என்று அவளுக்கு ஓர் ஆசை. அறையைக்கூடப் பார்த்துவைத்திருந்தாள். பூட்டிக் கிடக்கும் ஜெராக்ஸ் கடை, வாசலில் நிழலுக்கு ஒரு புங்கமரம். பெயர்ப்பலகையில் தன் பெயர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதுவரை மனதில் எழுதிப் பார்த்தாயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நடக்காமல் போய்விடும் என்கிற பயம் அவளுக்கும் உண்டு.

வண்டி அவள் தம்பி எபி விட்டுவிட்டுப் போனது. கார்பரேட்டர் வைத்த வண்டிகள் ஷோரூமில் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், அவன் முதல் வேலையில் சேர்ந்தவுடன் வாங்கியது. குவைத்துக்குக் கிளம்பும்போது சாவியை அக்கா கையில் கொடுத்து, சும்மா நின்றால் துருப்பிடித்துவிடும், ஓட்டு என்றான். ஏரிக்கரைச் சாலையில் அவனே கற்றுக்கொடுத்தான். முதலில் கனமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. இப்போது அந்த வண்டியில் அவள் வளைவதைப் பார்த்தால் பிறந்ததிலிருந்து ஓட்டுகிறவள் என்றுதான் தோன்றும்.

சலோமிக்கு அது கண்ணில் விழுந்த தூசி. சலோமி தையற்காரி. அவள் தைத்த பிளவுஸை யாரும் திருத்தத்துக்குக் கொண்டுவந்ததில்லை. அளவு எடுத்தால் எடுத்ததுதான், இறுக்கமும் கிடையாது, தொளதொளப்பும் கிடையாது. இப்படி எல்லாவற்றையும் அளவோடு வைத்திருப்பவளுக்கு, பெண் பிள்ளை ஆம்பிளை வண்டியில் கால்போட்டு உட்கார்ந்து ஊர் சுற்றுவது அளவுக்குள் அடங்கவில்லை. இருந்தாலும் வாயைத் திறக்காமல்தான் இருந்தாள், மதுராந்தகத்திலிருந்து பெண் பார்க்க வந்த நாள்வரை.

அன்று மாப்பிள்ளையின் அத்தை முறுக்கைக் கடித்துக்கொண்டே, வாசலில் நிற்கிற பைக் யாருடையது, தம்பி ஊரிலிருந்து வந்திருக்கிறாரா என்று கேட்டாள். சலோமி பொய் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் ஜான்சி என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டாள். அத்தை கடித்த முறுக்கைத் தட்டிலேயே வைத்தாள். காப்பி குடித்தார்கள், ஜெபம் செய்தார்கள், போய்விட்டார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அவ்வளவு லேசான மாப்பிள்ளை போனதில் ஜான்சிக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து சலோமி அந்த வண்டியை வண்டி என்று சொல்வதையே விட்டுவிட்டாள். 'அது' என்பாள். 'அத ஓரமா வை.' 'அது மேல துணி காயப்போடாத.' ஜான்சியும் ரோஷக்காரி, அம்மாவிடம் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை எடுப்பதில்லை. பெட்ரோல் தீர்ந்து தள்ளிக்கொண்டு வந்தால்கூடச் சொல்ல மாட்டாள். சாப்பாடு, சர்ச், கரண்ட் பில், எபியின் போன் என்று எல்லாம் பேசுவார்கள். வாசலில் நிற்கும் அந்த ஒன்று மட்டும் பேச்சில் வராது.

புயல் வந்தபோது ஜான்சி வீட்டில் இல்லை. மழைக்குப் பயந்து வண்டியை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போனவள், லேபிலேயே தங்கும்படி ஆகிவிட்டது. ஏரி நிரம்பித் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று அம்மா போனில் சொன்னாள், வண்டியைப் பற்றி அம்மாவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. தண்ணீரில் மூழ்கிய என்ஜினை மறுபடி உயிர்ப்பிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். முழங்கால் தண்ணீரில் நடந்து வீட்டுக்கு வந்தபோது, வண்டி வாசற்படிகளுக்கு மேலே வராந்தாவில் பத்திரமாக நின்றிருந்தது. சைலன்சர் வாயில் ஒரு பாலிதீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். மாடி வீட்டுக்காரர்கள் ஏற்றினார்கள் என்று சலோமி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். மாடி வீட்டுக்காரர்களோ கரண்ட் இல்லை என்று கேளம்பாக்கத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். வந்ததும் நன்றி சொல்ல வேண்டும் என்று ஜான்சி நினைத்துக்கொண்டு, பையைக் கழற்றி எறிந்தாள்.

வெள்ளிக்கிழமை லாரிக்காரனிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு அஃப்தாபின் கடைக்குப் போனாள். சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கடை. புயலுக்குப் பிறகு அங்கே ஒரு திருவிழாவே நடந்துகொண்டிருந்தது. சேறு பூசிய வண்டிகள் வரிசையில் நின்றன. அஃப்தாப் நல்ல வேலைக்காரன், மூன்று நாளாகத் தூங்காத கண். ஜான்சியின் வண்டியைப் பார்த்ததும் மற்ற வண்டிகளின் கதைதான் இதற்கும் என்று முடிவுகட்டிவிட்டான். தண்ணீருக்கு மேலேதான் நின்றது என்று அவள் சொன்னதைக் காதில் வாங்கினானோ இல்லையோ, பிளக்கைக் கழற்றிக் காட்டினான். கரி அப்பியிருந்தது.

"பெட்ரோல் ஓவரா பூந்துகினு கீதுக்கா. அதான் முறுக்குனா மூச்சு வாங்குது. கார்பரேட்டர்தான், வேற ஒண்ணுமில்ல."

பக்கவாட்டு மூடியைக் கழற்றி, காற்றை வடிகட்டும் ஃபில்டர் பெட்டியைத் திறந்து ஃபில்டரை ஊதினான். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரை இறக்கி, கிண்ணத்தைக் கழுவி, ஜெட் ஓட்டைகளில் காற்றடித்து, மாட்டினான். அப்படியே திறந்தபடி ஸ்டார்ட் செய்து முறுக்கினான். வண்டி தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி உறுமியது. ஜான்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் மூடிகளை எல்லாம் பூட்டிக் கொடுத்தான். அவள் நன்றி சொல்லி ஏறி, ரயில்வே கேட் பக்கம் திரும்புவதற்குள் வண்டி நின்றுவிட்டது.

தள்ளிக்கொண்டு திரும்பினாள். அவன் மறுபடி திறந்தான், முறுக்கினான், உறுமியது. புது பிளக் போட்டான், மூடினான், கொடுத்தான். இந்தத் தடவை கடை வாசலைத் தாண்டவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் கையில் ஓடுகிற வண்டி உன் கையில் ஏன் ஓடவில்லை என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. குளிரில் ஸ்டார்ட் செய்ய மட்டும் இழுக்கிற சோக்கை இழுத்துவிட்டு ஓட்டுகிறாயா என்று வாய்விட்டே கேட்டான். சோக் என்றால் என்ன என்று தெரியாதவளிடம் கேட்கிற கேள்வி அது. ஜான்சிக்குச் சுள்ளென்று வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, சோக் உள்ளேதான் இருக்கிறது, நீயே வந்து பார் என்றாள். அவன் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். கார்பரேட்டரே போய்விட்டிருக்கும், பழைய பார்ட்ஸ் விற்கிற புதுப்பேட்டையில் தேடிப் பார்க்கிறேன், திங்கட்கிழமை சாயந்திரம் வா என்றான். திங்கட்கிழமை காலைக்கே அவளுக்கு வண்டி வேண்டும் என்பதை அவனிடம் சொல்லி என்ன பயன்?

அன்று வீட்டில் சலோமி சோறு போட்டுக்கொண்டே, முதல்முறையாக அந்தப் பேச்சை எடுத்தாள். லாரி எவ்வளவு கிட்டத்தில் வந்து நின்றது என்று பார்த்தேன் என்றாள். தன் நெஞ்சு நின்றே போய்விட்டது என்றாள். பெருங்களத்தூர் போகிற ஜிஎஸ்டி ரோட்டில் பஸ்ஸுக்கு முன்னால் இப்படி நின்றால் என்ன ஆவது? பழைய வண்டி வாங்கி விற்கிற தசரதனிடம் சொல்லிவிட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வருவான், கொடுத்துவிடு, ஒரு ஸ்கூட்டிக்குச் சொல்லிவைக்கலாம். ஸ்கூட்டி கைக்கு வர எத்தனை நாள் ஆகும், திங்கட்கிழமை போனால் அந்த வேலை போனதுதான் என்று ஜான்சி கத்தியிருக்கலாம். ஆனால் எதிலும் அளவு தப்பாத அம்மா குழம்பைத் தட்டுக்கு வெளியே ஊற்றுவதைப் பார்த்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை நடையாய் நடந்துதான் ரத்தம் எடுத்தாள். கடைசி வீடு பட்டாபிராமன் சாருடையது. அவர் மனைவி காமு மாமிக்குத்தான் சோதனை. ஜான்சியைத் தவிர வேறு யாரும் ஊசியைத் தொடக் கூடாது என்று மாமியின் சட்டம். தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்டபோது, பட்டாபிராமன் சார் வண்டியின் கதையைக் கேட்டுவிட்டு, வேறு யாராக இருந்தாலும் செய்வதைத்தான் செய்தார். பெட்ரோலில் என்னவெல்லாம் கலக்கிறார்கள் என்று விளக்க ஆரம்பித்தார். மாமி அவரைக் கையமர்த்திவிட்டு, டாக்டர் ஏன் இத்தனை டெஸ்ட் எழுதியிருக்கிறார் என்று ஜான்சியிடம் சொன்னாள்.

"உக்காந்திருந்தா எனக்கு ஒண்ணுமே தெரியலடி. நாலு படி ஏறினாத்தான் மூச்சு முட்றது. சாப்பாடெல்லாம் நன்னாத்தான் சாப்பிடறேன்."

சரியாகிவிடும் மாமி என்று சொல்லி, ரத்தத்தை எடுத்துக்கொண்டு ஜான்சி கிளம்பிவிட்டாள். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. மனசு பூரா திங்கட்கிழமைதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவள் என்ன ஜெபித்தாள் என்று சொல்லத் தேவையில்லை. கடவுளுக்கும் கார்பரேட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் அவர்களுக்கு வண்டி நின்ற அனுபவம் இல்லை என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து சேலையை மாற்றுவதற்குள் தசரதன் வாசலில் நின்றான். பல் குத்திக்கொண்டே வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். விற்க நினைப்பவர்கள் தாமாகவே விலையைக் குறைத்துக்கொள்ளும் சுற்று அது. வேலை பழகியவன், டயரைத் தட்டினான், செயினைத் தொட்டான், ஸ்டார்ட் செய்தான். நல்ல பிள்ளையாக ஓடியது. முறுக்கினான். திணறி நின்றது. மறுபடி செய்தான், மறுபடியும் அதேதான்.

"கார்பரேட்டர் காலிமா. இது இனிமே பார்ட்ஸுக்குத்தான்" என்று சலோமியைப் பார்த்துச் சொன்னான். சலோமி மகளைப் பார்க்காமல் தலையாட்டினாள்.

அவன் மூன்றாம் தடவை முறுக்கியபோது ஜான்சிக்கு அந்தச் சத்தம் வேறு மாதிரி கேட்டது. நின்ற இடத்தில் ஒன்றும் இல்லை, படி ஏறினால் மூச்சு முட்டுகிறது. காமு மாமியின் குரல் அப்படியே காதில் விழுந்தது. சாப்பாடெல்லாம் நன்றாகத்தான் சாப்பிடுகிறது. ஊரே இரண்டு நாளாக வண்டிக்குச் சாப்பாடு போகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தது, பெட்ரோலில் தண்ணீர், பெட்ரோல் அதிகம், பெட்ரோலில் கலப்படம். மூச்சு போகிறதா என்று யாரும் கேட்கவில்லை. அஃப்தாபின் கடையில் வண்டி எப்போது உறுமியது? ஃபில்டர் பெட்டி திறந்திருந்தபோது. எப்போது நின்றது? மூடியபோது. இரண்டு தடவையும் அப்படித்தான்.

"அண்ணா, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடி ஸ்குரூ டிரைவர் கொண்டுவந்தாள். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஃபில்டர் பெட்டியைத் திறந்தாள். அவளே முறுக்கினாள். வண்டி உறுமியது. கையால் மூடியை அழுத்தி மூடினாள். திணறி நின்றது. திறந்தாள், உறுமியது. தசரதன் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டான். சட்டையைக் கழற்றினால்தான் வேலை செய்யும்போலிருக்கிறது என்று சிரித்தான். ஜான்சி சிரிக்கவில்லை. அந்தப் பெட்டிக்குக் காற்று எந்த வழியாக வருகிறது? சாவியைத் திருப்பிச் சீட்டைத் தூக்கினாள். பெட்டியின் மேலே ரப்பரில் ஒரு வாய் இருந்தது, அதுதான் காற்று நுழையும் வழி. நுனிவிரலை உள்ளே விட்டாள். துணி தட்டுப்பட்டது.

முதலில் எலி எதையோ இழுத்துவைத்திருக்கிறது என்றுதான் நினைத்தாள். இரண்டு விரலால் பற்றி இழுத்தாள். வர மறுத்தது. அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே தடவியபோது ஒரு சின்ன நாடா விரலில் சிக்கியது. சுண்டி இழுத்ததும் அது வெளியே வந்து உள்ளங்கையில் விழுந்தது.

எலி வேலை இல்லை. வட்டமாக, தடிமனாகத் தைத்த ஒரு சின்ன மூடி. வெளியே பிளவுஸ் லைனிங் துணி, உள்ளே கழுவிக் காயவைத்த பால் கவர், நடுவில் பஞ்சு. ஓரத்தைச் சுற்றி இரட்டைத் தையல், தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்தும் நுழையக் கூடாது என்று நினைத்துப் போட்ட தையல். இழுத்து எடுப்பதற்காகப் பாவாடை நாடாவில் ஒரு சின்னக் காது. அது உள்பக்கமாக மடங்கிப்போயிருந்தது. இந்தத் தையலை ஜான்சிக்குக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் தெரியும். அவள் பள்ளிக்கூடச் சீருடையில் இருந்த தையல் அது.

நிமிர்ந்து பார்த்தாள். சலோமி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எபிதான் போன்ல சொன்னான்" என்றாள். "ஓட்டையெல்லாம் அடைச்சிடும்மா, தண்ணி பூந்தா அவ்வளவுதான்னு. தண்ணி வடிஞ்சதும் எடுக்கலாம்னு இருட்டுல மேலாக்கத் தடவிப் பாத்தேன், நாடா தட்டல. நீ எடுத்துட்டேனு நெனச்சேன்."

"என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா."

"நீ மட்டும் கேட்டியா?"

ஜான்சி அந்த மூடியின் தையலை விரலால் தடவினாள். தெருவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த அந்த நாளில், தனியாக இருந்த அம்மா மாடிக் கதவைத் தட்டி, அவர்களோடு சேர்ந்து வண்டியை வராந்தாவுக்கு ஏற்றி, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துச் சீட்டைத் திறந்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் டேப்பை வைத்து அதற்கு அளவு எடுத்திருக்கிறாள். பெயர் சொல்லக்கூட விரும்பாத ஒன்றுக்கு. அளவில் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. பிசகியிருந்தால் இந்தத் தொல்லையே இருந்திருக்காது, தொளதொளவென்று வெளியே விழுந்திருக்கும். ஓரத்தில் கசிந்த கொஞ்சம் காற்றில்தான் வண்டி இத்தனை நாள் உயிரோடு இருந்தது. ஜான்சிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் வண்டியின் மேலேயே சாய்ந்துகொண்டாள். அம்மா தன்னை வெறுக்கவில்லை, தன் வழியை வெறுக்கவில்லை, பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மூடிகளை எல்லாம் பூட்டி, சீட்டை அழுத்திவிட்டு, தெருமுனைவரை ஒரு சுற்று போய் வந்தாள். எவ்வளவு முறுக்கினாலும் வண்டி வாங்கிக்கொண்டது. திரும்பி வந்தபோது தசரதனின் சுருதி மாறியிருந்தது. ஓடுகிற வண்டி என்றால் பேச்சே வேறு, நல்ல விலை தருகிறேன் என்று ஆரம்பித்தான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. அது குடுக்கறதுக்கு இல்ல" என்றாள் சலோமி. "காப்பி போடறேன், குடிச்சிட்டுப் போங்க."

அவன் காப்பி குடித்துவிட்டுப் போனான். சலோமி அந்த மூடியை எடுத்துக்கொண்டு போய் மிஷினில் உட்கார்ந்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் தைத்த ஒன்று திருத்தத்துக்கு வந்திருந்தது. காதைப் பிரித்துவிட்டு, ஒரு முழ நீளத்துக்குச் சிவப்பு நாடா வைத்துத் தைத்தாள். மறுபடி எப்போதாவது அடைத்தால் நாடா சீட்டுக்கு வெளியே தொங்க வேண்டும், பார்த்தவுடனே தெரிய வேண்டும். "நாடாவ நீளமா வெச்சிருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் அவளிடம் மன்னிப்பு எதிர்பார்ப்பது நம் தவறு. ஜான்சி அஃப்தாபுக்குப் போன் செய்து, புதுப்பேட்டைக்குப் போக வேண்டாம் என்று சொன்னாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன், சோக்கைப் பற்றிக் கேட்டதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் அக்கா என்றான்.

திங்கட்கிழமை விடியும்போது ஜிஎஸ்டி ரோட்டில் அவள் போய்க்கொண்டிருந்தாள். பெருங்களத்தூர் ஜங்ஷனில் தெற்கே போகிற பஸ்கள் வழக்கம்போல் ஒன்றன் பக்கத்தில் ஒன்று நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தன. பின்னால் ஒரு பஸ் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தது. இடைவெளி கிடைத்ததும் முறுக்கினாள். வண்டி ஒரு முனகல் இல்லாமல் பாய்ந்து வெளியே வந்தது. அடுக்குமாடியின் வாசலில் இறங்கியபோது சங்கச் செயலாளர் இன்னும் பல்கூட விளக்கியிருக்கவில்லை, அவ்வளவு சீக்கிரம். விசிட்டர் நோட்டில் பெயர் எழுதச் சொல்லி வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

பெட்டியைத் தோளில் மாட்டும்போது போன் அடித்தது. அம்மா. தினமும் இந்த நேரத்துக்கு வருகிற போன்தான். போய்ச் சேர்ந்தாயா என்று ஒரு கேள்வி, சேர்ந்துவிட்டேன் என்று ஒரு பதில், அவ்வளவோடு முடியும். இன்று சலோமி கேட்டது வேறு.

"வண்டி நிக்காம போச்சா?"

ஜான்சி சாவியைத் திருப்பி வண்டியை ஸ்டார்ட் செய்தாள். போனை என்ஜினுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, நன்றாக ஒரு முறுக்கு முறுக்கினாள். முதல் மாடியில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். வாட்ச்மேன் கையிலிருந்த நோட்டோடு ஓடி வந்தார்.

"சரி, சரி, போதும்" என்றது போனில் அம்மாவின் குரல். "பெட்ரோல் வீணாப் போவுது."